தொழுகிறவருக்குத் தேகப் பயிற்சி எதற்கு?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

“நான் ஐவேளையும் தொழுகிறவன். எனக்கு வேறு தேகப் பயிற்சி எதற்கு?” என்று கேட்பவர்கள் நம்மிடையே ஏராளம். இதற்கு ஆதரவாக மேடைகளிலும் பேசப்படுகிறது. ருகூவில் முதுகெலும்புக்குப் பயிற்சி, ஸுஜூதில் மூளைக்கு இரத்தம், அத்தஹிய்யாத்து இருப்பில் முழங்காலுக்கு வலிமை என்று பட்டியல் போட்டுச் சொல்லுகிறார்கள். சொல்பவர்களின் எண்ணம் நல்லதுதான்; மக்களைத் தொழுகையின் பக்கம் இழுக்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். ஆனால் விளைவு என்ன? “தினமும் அரை மணி நேரம் நடங்கள்” என்று வைத்தியர் எழுதித் தந்த சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “தொழுகையே போதும்” என்று நாற்காலியில் சாய்ந்து விடுகிறார் நம் சகோதரர். இதனால் இரண்டு நஷ்டங்கள் உண்டாகின்றன. ஒன்று, இபாதத்து தேகப் பயிற்சியின் தரத்திற்கு இறக்கப்படுகிறது. மற்றொன்று, அல்லாஹ் அமானிதமாகத் தந்த உடல் பாழாகிறது.

ஆகவே, உடல் அசைந்து உழைக்கும்போது நம் பெரிய இரத்தக் குழாய்களில் உண்மையில் என்ன நிகழ்கிறது, அந்த வேலையைத் தொழுகை செய்து விடுகிறதா, மார்க்கம் இதில் நமக்குக் காட்டும் வழி என்ன என்பவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

தொழுகையின் நோக்கம்

முதலில் அடிப்படையைச் சரி செய்துகொள்ள வேண்டும். தொழுகை கடமையானது அல்லாஹ்வை நினைவு கூர்வதற்காக. அடியான் தன் ரப்பின் முன் நிற்கிறான், குனிகிறான், நெற்றியைத் தரையில் வைக்கிறான். இதில் உடலுக்கு நன்மை கிடைத்தால் அது அல்லாஹ்வின் அருள். ஆனால் அதுவே நோக்கமாகி விடக் கூடாது.

இந்த விஷயத்தை நம் ஃபிக்ஹு கிதாபுகள் வேறொரு உதாரணத்தின் மூலம் ஆராய்ந்திருக்கின்றன. ஒருவர் உளூவின் நிய்யத்தோடு, உடல் குளிர வேண்டும் என்ற எண்ணத்தையும் சேர்த்துக் கொள்கிறார்; அவருடைய உளூ கூடுமா? கூடும் என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் உறுதியான சொல். ஏனெனில், நிய்யத்துச் செய்யாவிட்டாலும் தண்ணீர் பட்டால் குளிர்ச்சி தானாக வந்து சேரும். ஆனால் கூலி கிடைப்பது பற்றிப் பேசும்போது, எந்த எண்ணம் உள்ளத்தில் மிகைத்து நிற்கிறதோ அதையே கவனிக்க வேண்டும் என்றார்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். கூடுவது வேறு, கூலி வேறு. தொழுகையைத் தேகப் பயிற்சியாக எண்ணித் தொழுகிறவர் இந்த வேறுபாட்டைச் சிந்திக்கட்டும்.

பெருந்தமனியும் அதன் கிளைகளும்

இனி உடலுக்கு வருவோம். இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டு செல்லும் குழாய்களுக்குத் தமனிகள் என்று பெயர். இதயத்திற்குத் திருப்பிக் கொண்டு வருபவை சிரைகள். இன்றைய அரபு வைத்திய நூல்களில் தமனிக்கு ‘ஷிரியான்’ என்றும், சிரைக்கு ‘வரீத்’ என்றும் வழங்குகிறார்கள். இந்த ‘வரீத்’ நமக்குப் புதிய சொல் அல்ல. அல்லாஹ் மனிதனுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறான் என்பதைக் கூறும் ஸூரத்து காஃபின் 16-வது ஆயத்தில் வருவதுதான். நம் தமிழ்த் தர்ஜுமாக்களில் ‘பிடரி நரம்பு’ என்று எழுதுவார்கள். அங்கே நரம்பு என்பது உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்பைக் குறிக்காது. கழுத்தில் ஓடும் இரத்தக் குழாயையே குறிக்கும்.

இதயத்தின் இடப் பாகத்திலிருந்து புறப்படும் மிகப் பெரிய குழாய் பெருந்தமனி. இன்றைய அரபியில் இதன் பெயர் ‘அப்ஹர்’. நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதி நோயின்போது, கைபரில் உண்ட நஞ்சு கலந்த உணவின் காரணமாகத் தம் அப்ஹர் அறுபடுவது போல் உணர்வதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கூறிய செய்தி புகாரியில் இடம்பெற்றிருக்கிறது. ஸூரத்துல் ஹாக்காவின் 46-வது ஆயத்தில் வரும் ‘வதீன்’ என்ற சொல்லுக்கும், இதயத்தோடு இணைந்த, அறுந்தால் மனிதன் இறந்து போகும் குழாய் என்றே முஃபஸ்ஸிர்கள் விளக்கம் தந்திருக்கிறார்கள். திருமறை உடற்கூறு கற்பிக்க வந்த நூலல்ல. ஆனால் மனிதனின் உயிர் எத்தனை மெல்லிய இழையில் தொங்குகிறது என்பதை அவனுக்குப் புரியும் சொல்லால் அது நினைவூட்டுகிறது.

பெருந்தமனி இரும்புக் குழாய் போல விறைப்பானதல்ல. ரப்பர் போல விரிந்து சுருங்கக் கூடியது. இதயம் ஒரு முறை துடித்து இரத்தத்தைத் தள்ளும்போது அது விரிந்து கொடுக்கிறது. அடுத்த துடிப்பு வருவதற்குள் தானே சுருங்கி, தாங்கி வைத்திருந்த இரத்தத்தை முன்னே செலுத்துகிறது. இதனால்தான் இதயம் விட்டு விட்டுத் துடித்தாலும் உறுப்புகளுக்கு இரத்தம் விடாமல் ஓடுகிறது. வயது ஏற ஏற இந்தச் சுவர் தடித்து விறைக்கிறது. முதியவர்களுக்கு இரத்த அழுத்தத்தின் மேல் அளவு கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மதரஸாவில் பாடம் நடத்திய வைத்தியர்

இரத்த ஓட்டத்தைப் பற்றிப் பேசும்போது ஒரு பெரியாரை நினைக்காமல் இருக்க முடியாது. அவர்தாம் அலாவுத்தீன் இப்னுன் நஃபீஸ் (ரஹ்). திமிஷ்கில் வைத்தியம் பயின்று, கெய்ரோவில் வாழ்ந்து, ஹிஜ்ரி 687-ல், அதாவது 1288-ல் மறைந்தவர். அவர் வைத்தியர் மட்டுமல்ல, ஷாஃபிஈ மத்ஹபின் ஃபகீஹும் ஆவார். கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மதரஸாவில் ஃபிக்ஹு பாடம் நடத்தியவர்.

அவர் காலம் வரை கிரேக்க வைத்தியர் காலன் சொன்னதே வேத வாக்காக இருந்தது. இதயத்தின் வலப் பக்கத்திலிருந்து இடப் பக்கத்திற்கு, நடுச் சுவரிலுள்ள நுண்ணிய துளைகள் வழியாக இரத்தம் செல்கிறது என்பது அக்கொள்கை. இப்னுன் நஃபீஸ் அதை மறுத்தார். அந்தச் சுவர் கெட்டியானது, அதில் துளை இல்லை; இரத்தம் வலப் பக்கத்திலிருந்து நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்து, பின்னரே இடப் பக்கத்தை அடைகிறது என்று, இப்னு ஸீனாவின் கானூனிலுள்ள உடற்கூறு பகுதிக்குத் தாம் எழுதிய விரிவுரையில் விளக்கினார். உடல் முழுவதும் இரத்தம் சுற்றி வருவதை இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி 1628-ல் நிறுவிக் காட்டினார். இப்னுன் நஃபீஸின் விரிவுரை மறக்கப்பட்டுக் கிடந்து, 1924-ல்தான் எகிப்திய வைத்தியர் முஹ்யித்தீன் அத்ததாவி என்பவரால் மீண்டும் உலகின் கவனத்திற்கு வந்தது.

ஃபிக்ஹும் வைத்தியமும் ஒரே மனிதரின் நெஞ்சில் சண்டையில்லாமல் குடியிருந்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆராயாமல் ஒன்றைப் பரப்புவது அவர் வழியல்ல. நாமும் தொழுகைக்குப் பெருமை சேர்ப்பதாக எண்ணி, ஆராயாத வைத்தியச் செய்திகளை அதன் மேல் ஏற்றக் கூடாது.

நடக்கும்போது நிகழ்வது

ஓய்வாக இருக்கும் மனிதரின் இதயம் நிமிடத்திற்குச் சுமார் 70 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லி இரத்தத்தைத் தள்ளுகிறது. ஆக, நிமிடத்திற்கு ஏறத்தாழ 5 லிட்டர். வேகமாக நடந்தால் இந்த அளவு இரு மடங்கைத் தாண்டும். ஆரோக்கியமான வாலிபர் முழு மூச்சாக ஓடினால் 20 லிட்டர் வரை போகும்.

இந்தக் கூடுதல் இரத்தம் எல்லா உறுப்புகளுக்கும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. ஓய்வில் தசைகளுக்குக் கிடைப்பது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. கடும் உழைப்பின்போது ஐந்தில் நான்கு பங்கு தசைகளுக்கே போய்ச் சேருகிறது. இரைப்பை, குடல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குச் செல்லும் தமனிக் கிளைகள் அந்நேரம் சுருங்கிக் கொள்கின்றன. உழைக்கும் தசைகளின் கிளைகள் விரிந்து கொள்கின்றன. வயிறு நிறைய உண்டதும் ஓடினால் ஏன் துன்பமாக இருக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். இரைப்பையும் கால் தசையும் ஒரே இரத்தத்திற்குப் போட்டியிடுகின்றன.

இதயத் தசைக்கும் தனியே இரத்தம் வேண்டும். பெருந்தமனியின் அடியிலிருந்து பிரியும் இரண்டு இதயத் தமனிகள் அதைக் கொண்டு வருகின்றன. ஓய்வில் அவற்றில் நிமிடத்திற்குச் சுமார் கால் லிட்டர் ஓடுகிறது. கடும் உழைப்பில் அது நான்கு மடங்கு வரை ஏறும். குழாயின் உள்ளே கொழுப்புப் படிந்து பாதை குறுகியிருந்தால், ஓய்வில் ஒன்றும் தெரியாது. கால் லிட்டர் எப்படியோ போய்விடும். நடக்கும்போதும் படி ஏறும்போதும் தேவை கூடுகிறது, வரத்துக் கூடவில்லை. அப்போதுதான் நெஞ்சு பாரம் தோன்றுகிறது.

ஓடும் இரத்தம் சுவருக்குச் செய்யும் உபகாரம்

இந்தப் பாடத்தின் சாரம் இங்கேதான் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் விரைந்து ஓடும் இடத்தில் சேறு தங்குவதில்லை. வளைவிலும், கிளை பிரியும் முனையிலும், தண்ணீர் சுழன்று தயங்கும் இடத்திலும்தான் தங்குகிறது. தமனிகளிலும் ஏறக்குறைய இதே நிலைதான். கழுத்தின் பெருங்குழாய் இரண்டாகப் பிரியும் இடம், இதயத் தமனிகளின் கிளை முனைகள், சிறுநீரகத்திற்குக் கீழேயுள்ள பெருந்தமனிப் பகுதி ஆகியவற்றில்தான் கொழுப்புப் படிவு அதிகமாகக் காணப்படுகிறது. அங்கெல்லாம் இரத்தம் சுவரை மெதுவாகவே உராய்கிறது.

நாம் உட்கார்ந்திருக்கும்போது, வயிற்றின் கீழ்ப்பகுதிப் பெருந்தமனியில் ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் முன்னே பாய்ந்து, பிறகு சிறிது பின்வாங்கி, மீண்டும் முன்னே செல்கிறது. ஓர் அடி முன்னே, கால் அடி பின்னே என்ற கதைதான். எழுந்து நடக்கத் தொடங்கினால், கால் தசைகளின் தமனிக் கிளைகள் விரிந்து இரத்தத்தைக் கீழ்நோக்கி அழைக்கின்றன. பின்வாங்குவது நின்று, ஓட்டம் ஒரே திசையில் சீராகவும் வேகமாகவும் போகிறது.

ஆனால் வாய்க்கால் உதாரணத்தை இதற்கு மேல் இழுக்கக் கூடாது. இரத்தத்தின் வேகம் படிந்த கொழுப்பை அடித்துக்கொண்டு போய்விடுவதில்லை. உபகாரம் வேறு விதத்தில் நிகழ்கிறது. தமனியின் உட்புறத்தில் ஒரே உயிரணு கனமுள்ள மெல்லிய படலம் ஒன்று இருக்கிறது. இரத்தம் தன் மேல் உராய்ந்து செல்லும் வேகத்தை அது உணர்கிறது. உராய்வு கூடினால் நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயுவைச் சுரக்கிறது. அது சுவரிலுள்ள தசையைத் தளர்த்திக் குழாயை விரியச் செய்கிறது. இரத்த வட்டுகள் ஒட்டிக்கொள்ளாமலும் பார்த்துக் கொள்கிறது. குழாய் விரிவதற்கு இந்த உட்படலம் அவசியம் என்பதை அமெரிக்க விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட் 1980-ல் வெளியிட்டார். அதைச் சார்ந்த ஆராய்ச்சிகளுக்காக அவருக்கும், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் ஆகியோருக்கும் 1998-ல் வைத்தியத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தினந்தோறும் இந்த உராய்வு கிடைக்கும் குழாய், விரியும் பழக்கத்தைக் காத்துக் கொள்கிறது. விடாமல் நடந்தும் ஓடியும் பழகியவர்களின் பெருந்தமனி, அதே வயதில் உட்கார்ந்தே இருப்பவர்களுடையதை விட விறைப்புக் குறைவாக இருக்கிறது. பீடி, சிகரெட்டின் புகையோ இதே உட்படலத்தைக் கெடுக்கிறது. காலையில் நடந்து விட்டு, திரும்பும் வழியில் டீக்கடையில் பீடி பற்ற வைப்பவர் ஒரு கையால் கட்டியதை மறு கையால் இடிக்கிறார்.

உட்கார்ந்தே இருப்பதன் கேட்டை உலகுக்கு முதலில் தெளிவாக எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர் லண்டனைச் சேர்ந்த ஜெரி மாரிஸ். இரட்டைத் தட்டு பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். டிரைவர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவர். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கியபடி இருப்பவர். இதய நோய் கண்டக்டர்களிடம் குறைவாகவும், வந்தாலும் கடுமை குறைந்ததாகவும் இருந்ததை அவர் 1953-ல் வெளியிட்டார். கடையில் கல்லாவின் முன் நாள் முழுதும் அமர்ந்திருக்கும் நம் வியாபாரிகளும், கிதாபின் முன் சம்மணமிட்டு அமர்ந்திருக்கும் ஆலிம்களாகிய நாமும் இந்த விஷயத்தில் டிரைவர்களின் வரிசையில்தான் இருக்கிறோம்.

ஸுஜூதும் மூளையும்

ஸுஜூதில் மூளைக்கு இரத்தம் வெள்ளமாகப் பாய்கிறது என்று சொல்லப்படுவதைச் சற்று ஆராய்வோம். மூளைக்கு நிமிடத்திற்குச் சுமார் முக்கால் லிட்டர் இரத்தம் போகிறது. தலை தாழ்ந்தாலும் உயர்ந்தாலும், நின்றாலும் நடந்தாலும், இந்த அளவு பெரிதும் மாறாதபடி மூளையின் குழாய்கள் தம்மைச் சுருக்கியும் விரித்தும் காத்துக் கொள்கின்றன. மூளை மென்மையான உறுப்பு. அதில் இரத்தம் வெள்ளமாகப் பாய்வது நன்மையல்ல, ஆபத்து. அல்லாஹ் அவ்வாறு பாயாமல் காத்திருப்பதே அவன் அருள். ஸுஜூதின் சிறப்பு, அடியான் தன் ரப்புக்கு மிக நெருக்கமாக இருக்கும் நிலை அது என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததில் இருக்கிறது. அந்தச் சிறப்புக்கு இரத்தக் கணக்கின் துணை வேண்டியதில்லை.

ஸுஜூதிலிருந்து எழும்போது சில முதியவர்களுக்குத் தலை சுற்றும். எழுந்தவுடன் இரத்தம் கால் பக்கம் இறங்குவதே காரணம். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை அறியும் நரம்பு முனைகள் உண்டு. அவை உடனே மூளைக்குச் செய்தி அனுப்பிச் சரிசெய்யும். முதுமையிலும், சில மருந்துகளைச் சாப்பிடுபவர்களுக்கும் இது தாமதமாகும். ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டாம் ஸுஜூதுக்குப் பின் எழுமுன் சற்று அமர்வது ஸுன்னத்து. ‘ஜல்ஸத்துல் இஸ்திராஹா’ என்று அதற்குப் பெயர். அது வைத்தியத்திற்காக ஏற்பட்டதென்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் அந்த ஸுன்னத்தைப் பேணுகிற முதியவர் பதறாமல் எழுகிறார். அப்படியும் நிற்க இயலாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் அனுமதிக்கிறது. இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, நின்றும், இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். விழுந்து இடுப்பெலும்பை முறித்துக் கொள்வது பக்தியல்ல.

ஆகவே தொழுகை போதுமா?

ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். தொழுகைக்கு முன் மணிக்கட்டில் நாடியைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். நான்கு ரக்அத்து நிதானமாகத் தொழுது ஸலாம் கொடுத்ததும் மீண்டும் எண்ணுங்கள். வித்தியாசம் சொற்பமாகவே இருக்கும். பிறகொரு நாள் கால் மணி நேரம் வேகமாக நடந்து வந்து எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும். நிதானமும் அடக்கமும் தொழுகையின் உயிர். ஓட்டமும் வியர்வையும் தேகப் பயிற்சியின் இயல்பு. ஒன்றை மற்றொன்றாக ஆக்க முயன்றால் இரண்டும் கெடும். பயிற்சிக்காக விரைந்து விரைந்து குனிந்து நிமிர்பவர், ‘துமஃனீனத்’ என்னும் நிலைகொள்ளலை இழந்து தொழுகையையே இழப்பார்.

தொழுகையால் உடலுக்கு ஒன்றுமே இல்லை என்றும் சொல்லக் கூடாது. மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் கால் தமனிகளின் விரியும் திறன் தற்காலிகமாகக் குறைகிறது. இடையிடையே எழுந்து நடந்தால் குறைவதில்லை. பாங்கு சொன்னதும் கல்லாவை விட்டு எழுந்து, உளூச் செய்து, பள்ளிக்கு நடந்து போய் வருகிறவர், நாளில் பல முறை அந்த நீண்ட இருப்பை உடைக்கிறார். இது சிறிய லாபமல்ல. ஆனால் இது மட்டும் போதாது. வளர்ந்தவர்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடங்கள் நடுத்தர வேகத்தில் உடலை இயக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. நாளுக்கு அரை மணியாக வாரத்தில் 5 நாட்கள் நடந்தால் கணக்குச் சரியாகி விடும்.

மார்க்கம் காட்டும் வழி

பகலெல்லாம் நோன்பிருந்து இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களை அழைத்து, உடலுக்கும் அவர் மீது உரிமை உண்டு என்று நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். வலிமையுள்ள முஃமினும் பலவீனமான முஃமினும் நல்லவர்களே. எனினும் வலிமையுள்ளவர் அல்லாஹ்வுக்கு அதிகப் பிரியமானவர் என்ற கருத்தில் முஸ்லிமில் ஹதீஸ் உண்டு. ஈமானின் வலிமையே முதன்மை என்றாலும், உடல் வலிமை அதற்குத் துணை என்பதில் சந்தேகமில்லை.

நாயகம் (ஸல்) அவர்களின் நடையைப் பற்றித் திர்மிதியில் வரும் செய்திகளைப் பாருங்கள். மேட்டிலிருந்து இறங்குபவரைப் போல முன்சாய்ந்து உறுதியாக நடப்பார்கள் என்கிறார்கள் அலீ (ரலி) அவர்கள். அவர்களோடு சேர்ந்து நடக்க நாங்கள் சிரமப்படுவோம், அவர்களுக்கோ அது சிரமமாகவே இராது என்கிறார்கள் அபூஹுரைரா (ரலி) அவர்கள். தளர்ந்து இழுத்து நடப்பது நம் நபியின் நடையல்ல.

பள்ளிவாசலுக்கு அருகே குடிபெயர விரும்பிய பனூ ஸலிமா கூட்டத்தாரிடம், இருக்கும் இடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகள் பதிவு செய்யப்படுகின்றன என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். மதீனாவில் தொலைவில் வசித்த ஒருவரிடம், கழுதை ஒன்று வாங்கிக் கொள்ளலாமே என்று கேட்கப்பட்டபோது, பள்ளிக்குப் போவதும் வீடு திரும்புவதும் இரண்டுமே தமக்கு எழுதப்பட வேண்டும் என்று அவர் விரும்பினார். அவர் நாடியது அனைத்தும் அவருக்குக் கிடைத்து விட்டதென்று நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறினார்கள். இன்று இரண்டு தெரு தள்ளியுள்ள பள்ளிக்கும் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பும் நாம், அந்தக் காலடிகளையும் இழக்கிறோம், கால் தமனிகளின் நலத்தையும் இழக்கிறோம்.

இங்கே ஒரு மஸ்அலாவைக் கவனிக்க வேண்டும். ஜமாஅத்துக்கு வரும்போது ஓடி வராமல் அமைதியோடும் கண்ணியத்தோடும் வர வேண்டும் என்பது ஹதீஸின் கட்டளை. ஆகவே நடைப்பயிற்சியின் வேகத்தைத் தொழுகைக்குப் போகும்போது காட்ட வேண்டாம். போகும்போது நிதானமாகப் போய், ஃபஜ்ரு முடிந்து திரும்பும்போது சுற்று வழியில் வேகமாக நடந்து வாருங்கள். திரும்பும் காலடிகளுக்கும் கூலி உண்டென்பதை அந்தத் தொலைவு வீட்டாரின் செய்தி சொல்கிறது.

நிய்யத்தையும் மறக்க வேண்டாம். உடல் அழகுக்காக மட்டும் நடப்பவர் அதை அடைவார். “என் ரப்பை வணங்கவும், என் மக்களுக்கு ஹலாலான முறையில் சம்பாதிக்கவும் இந்த உடல் உதவ வேண்டும்” என்று எண்ணி நடப்பவருக்கு அந்த நடையும் நன்மையாகிறது. தொழுகையைத் தேகப் பயிற்சியாக்கினால் அது தரம் இறங்குகிறது. தேகப் பயிற்சியில் நல்ல நிய்யத்தைச் சேர்த்தால் இது தரம் உயர்கிறது.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

1. மூச்சு சற்று வாங்க வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும். பக்கத்தில் வருபவரோடு பேச்சுக் கொடுக்கலாம், பைத்துப் பாட மூச்சு இடம் தராது என்ற அளவே சரியான வேகம்.

2. முதல் ஐந்து நிமிடம் மெதுவாகத் தொடங்கி, கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக முடியுங்கள். திடீரென்று நின்றால், விரிந்த கால் குழாய்களில் இரத்தம் தங்கி மயக்கம் வரலாம்.

3. தாய்மார்களும் சகோதரிகளும் இதில் விலக்கல்ல. பயணம் ஒன்றில் நாயகம் (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் ஓட்டப் பந்தயம் வைத்துக் கொண்டதும், முதலில் அன்னையும் பிற்காலத்தில் நாயகமும் (ஸல்) வென்றதும் அபூதாவூதில் உள்ளது. வெளியே செல்ல வசதியில்லாதவர்கள் மொட்டை மாடியிலோ முற்றத்திலோ நடக்கலாம். அடுப்படி வேலை களைப்பைத் தருமே தவிர, அரை மணி நேரம் தொடர்ந்த ஓட்டத்தை இரத்தத்திற்குத் தருவதில்லை. அந்த அரை மணியை அவர்களுக்கு ஒதுக்கித் தருவது கணவன்மார் மீதும் மக்கள் மீதும் உள்ள பொறுப்பு.

4. ரமளானில் வெயில் நேரத்தில் வேண்டாம். நோன்பு துறப்பதற்கு முந்திய நேரத்தில் மெதுவாகவோ, தராவீஹுக்குப் பின் சற்று வேகமாகவோ நடக்கலாம்.

5. ஹஜ்ஜுக்கு நிய்யத்து வைத்திருப்பவர்கள் பல மாதங்களுக்கு முன்பே நடக்கத் தொடங்குங்கள். ஸஃபா மர்வாவுக்கிடையே ஏழு நடை என்பது ஏறத்தாழ 3 கிலோ மீட்டர். தவாஃபும், மினாவின் நடையும் இதற்கு மேல். பெட்டி கட்டுவதற்கு எடுத்துக் கொள்ளும் அக்கறையில் பாதியையாவது காலுக்குத் தர வேண்டாமா?

அலட்சியம் செய்யக் கூடாதவை

நடக்கும்போது நெஞ்சின் நடுவில் பாரம் ஏறி, நின்றதும் இறங்கிவிட்டால், அதை வாய்வு என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துக் கொண்டிருக்காதீர்கள். குறுகிய இதயத் தமனி அனுப்பும் எச்சரிக்கையாக அது இருக்கலாம். இடது தோள், தாடை, முதுகு ஆகியவற்றுக்கும் அவ்வலி பரவும். ஓய்விலும் வலி நிற்காமல் வியர்த்துக் கொட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடக்க நடக்கக் கெண்டைக் கால் இறுகி வலித்து, நின்றால் தீர்வது கால் தமனி குறுகியதன் அடையாளமாகலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சு வலி தெரியாமலேயே இதய நோய் இருக்கக் கூடும். அவர்களும், இரத்த அழுத்தம் உள்ளவர்களும், பல வருடங்களாக உடலை அசைக்காதவர்களும் வைத்தியரைக் கேட்ட பின்பே தொடங்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு பெரும் சுமை தூக்குவது இரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றும். இத்தகையவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும்.

சகோதர சகோதரிகளே! நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை, நம் ஏவலின்றி, நாம் உறங்கும்போதும் துடிக்கும் இதயத்தை நமக்குத் தந்தவன் அல்லாஹ். அதற்காக அவன் கூலி கேட்கவில்லை. அமானிதத்தைப் பேணச் சொல்கிறான். தொழுகையைத் தொழுகையாகத் தொழுவோம். நடக்க வேண்டியதை நடந்து தீர்ப்போம். ஒன்றைக் காட்டி மற்றொன்றிலிருந்து தப்பிக்கப் பார்க்க வேண்டாம்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஈமானின் வலிமையையும், அதற்குப் பணிபுரியும் உடலின் வலிமையையும் தந்தருள்வானாக! கடைசி மூச்சு வரை நின்று தொழும் பாக்கியத்தை நல்குவானாக! ஆமீன். வல்லாஹு அஃலம்.